கிரெட்டேசியஸ் அம்மோனைட் ஆய்வு: நூல்களையும் வல்லுநர்களையும் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மோனைட்டுகள் பெரும்பாலும் சுருள் ஓடு கொண்டிருந்து அற்றுப்போன கடல்வாழ் உயிர்கள். பாறைச் சரிவில் ஓர் அம்மோனைட்டைக் கண்டெடுத்தவருக்கும், அருங்காட்சியகத்தின் பழைய இழுப்பறையில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒன்றைக் கண்ட மாணவருக்கும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே: எதைப் படிப்பது, யாரைக் கேட்பது. இவ்விரண்டையும் தனித்தனியாகத் தேடுவோர் அலைகின்றனர்; சரியான கட்டுரையைக் கண்டடைந்தவர், கேட்க வேண்டிய மனிதரையும் அக்கட்டுரையிலேயே கண்டுகொள்கிறார்.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

புதைபடிவத்தின் பெயரிலிருந்து அன்று, அது கிடைத்த இடத்திலிருந்தும் பாறை அடுக்கிலிருந்தும் தொடங்க வேண்டும். கிரெட்டேசியஸ் காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அது பெரியாசியன் முதல் மாஸ்ட்ரிக்டியன் வரை 12 நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இத்தனை நீண்ட காலத்தின் அம்மோனைட்டுகள் அனைத்தையும் ஒருவரே நுணுகி அறிந்திருப்பது அரிது. ஹாட்டரிவியன் நிலையில் தேர்ந்தவர் காம்பேனியன் நிலையின் பாக்குலைட்டிஸ் என்னும் அம்மோனைட் பற்றிக் கருத்துச் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கமே அவர் நம்பத்தக்கவர் என்பதற்கு நல்ல அடையாளம்.

ஆகவே அப்பகுதியின் நிலவியல் வரைபடத்தை முதலில் எடுத்து, படிவம் கிடைத்த இடத்தில் எந்தப் பாறைத் தொகுதி வெளித்தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நிலவியல் ஆய்வுத் துறைகள் வெளியிடும் வரைபடங்களோடு ஒரு விளக்கக் குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். அதில் அத்தொகுதியின் வயதும், அதில் முன்பு கிடைத்த படிவங்களின் பட்டியலும் சேர்ந்தே காணப்படும். பாறைத் தொகுதியின் பெயரையும் நிலையின் பெயரையும் 'அம்மோனைட்' என்ற சொல்லோடு சேர்த்துத் தேடினால் கட்டுரைகள் தாமாகவே வரிசைகட்டும். வெறும் 'கிரெட்டேசியஸ் அம்மோனைட்' என்று தேடினால் விற்பனைப் பக்கங்களே மிகும்.

படிவம் கிடைத்த இடம் தெரியாவிட்டால்?

தேடல் கடினமாகும், ஆனால் வழி அடைந்துவிடாது. விலைக்கு வாங்கிய படிவங்களில் இச்சிக்கல் மிகுதி. மெருகேற்றி, குறுக்கே அறுத்து, அறைகளில் கால்சைட் படிகங்கள் மின்ன விற்கப்படும் சுருள்களில் பல மடகாஸ்கரின் வடமேற்குப் பகுதியிலுள்ள ஆல்பியன் நிலைப் பாறைகளிலிருந்து வருபவை. அவற்றின் சீட்டில் 'கிளியோனிசெரஸ்' என்னும் அம்மோனைட் பெயரை எழுதியிருப்பது வழக்கம். அதை ஒரு வணிகப் பெயராகக் கொள்வதே பாதுகாப்பு. முடிந்த முடிபாகக் கொள்ளக் கூடாது.

இடம் தெரியாத படிவத்தில் ஒட்டியிருக்கும் பாறையைச் சுரண்டி எறிந்துவிட வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணப் பாறையாகவோ களிச்சுண்ணமாகவோ இருந்தால், அதில் ஒரு சிட்டிகையே நுண்படிவ வல்லுநருக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத சுண்ண நுண்படிவங்களைக் கொண்டு அவர் எந்த நிலை என்பதை நெருங்கிச் சொல்லிவிடக்கூடும். பாறையில் ஐனோசெராமஸ் வகைச் சிப்பியின் துண்டு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. அச்சிப்பிகள் மேல் (அதாவது பிற்காலக்) கிரெட்டேசியஸ் அடுக்குகளை இனங்காண அம்மோனைட்டுகளுக்கு அடுத்தபடி பயன்படுபவை.

முதலில் புரட்ட வேண்டிய நூல் எது?

முதுகெலும்பற்ற தொல்லுயிர்களுக்கான பேரேடாகிய 'ட்ரீட்டிஸ் ஆன் இன்வெர்டிபிரேட் பேலியன்டாலஜி' வரிசையில், கிரெட்டேசியஸ் அம்மோனைட்டுகளுக்கென்று 1996-இல் வெளிவந்த திருத்திய தொகுதி. ரைட், காலமன், ஹோவர்த் ஆகிய மூவர் எழுதியது. அதற்கு முன் 1957-இல் வந்த பதிப்பும் நூலகங்களில் கிடைக்கும். அதைப் படங்களுக்காகப் பார்க்கலாம், வகைப்பாட்டுக்குப் புதியதையே நாட வேண்டும்.

இந்நூலின் எல்லையை அறிந்து பயன்படுத்துவது முக்கியம். இது பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்) வரைதான் கொண்டு செல்லும். எந்த இனம் என்று சொல்லாது. ஆனால் ஒவ்வொரு பேரினத்துக்கும் அதன் மாதிரி இனம் (அப்பேரினத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் இனம்) எது, அதை யார் எந்த ஆண்டு விவரித்தார், எந்த நிலைகளில், எந்த நாடுகளில் அது கிடைக்கிறது என்ற குறிப்புகளைத் தரும். அந்த ஆசிரியர் பெயரும் ஆண்டும்தான் அடுத்த படிக்கான திறவுகோல்.

இத்தொகுதியின் முதன்மை ஆசிரியரான ரைட் பிரிட்டிஷ் அரசுப் பணியில் உயர் அலுவலராக இருந்தவர். அம்மோனைட்டுகளை ஓய்வு நேரத்தில் ஆராய்ந்தவர். மடகாஸ்கரின் அம்மோனைட்டுகளைப் பெருந்தொகுதிகளாக விவரித்த மோரிஸ் கொலின்யோன் பிரெஞ்சுப் படையில் தளபதி. பல்கலைக்கழகப் பதவி இல்லாதவர் இத்துறையில் நுழையலாமா என்று கேட்போருக்கு வேறு விடை தேவையில்லை.

இனம் வரை செல்ல எந்த நூல்களைப் பார்க்க வேண்டும்?

இதற்கு ஒற்றை விடை இல்லை. நிலப்பகுதிக்கு ஏற்ப மாறும். பிரான்சுக்கு, 1840-களின் தொடக்கத்தில் வெளிவந்த தோர்பிக்னியின் படத்தொகுதி இன்றும் அடிப்படை. இங்கிலாந்தின் சுண்ணப்பாறைகளுக்கு 1850-களில் ஷார்ப் எழுதியதும், பின்னர் ரைட்டும் கென்னடியும் எழுதிய தனிவரைவுகளும் உண்டு. ஜெர்மனியின் மேல் கிரெட்டேசியஸுக்கு 1870-களில் ஷ்லூட்டர் எழுதியது. ஜப்பானுக்குக் கியூஷு பல்கலைக்கழகத்தின் தத்சுரோ மத்சுமோட்டோவின் வரிசை. அதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பது ஒரு வசதி. தென்னாப்பிரிக்காவின் சூலூலாந்துக்குக் கென்னடி, கிளிங்கர் இருவரின் நீண்ட தொடர்.

வட அமெரிக்காவின் உள்நாட்டுக் கடற்பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரெட்டேசியஸில் அக்கண்டத்தின் நடுவே வடக்கு தெற்காகக் கிடந்த கடலின் படிவுகளில், அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையிடையே எரிமலைச் சாம்பல் படலங்கள் உள்ளன. சாம்பலிலுள்ள கனிமங்களின் வயதை ஆண்டுக் கணக்கில் அளக்க முடிவதால், அங்குள்ள அம்மோனைட் மண்டலங்களுக்கும் (குறித்த அம்மோனைட்டுகளைக் கொண்டு வகுத்த அடுக்குப் பிரிவுகளுக்கும்) எண்வயது கிடைக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கோபன் பல பத்தாண்டுகள் உழைத்து அந்த மண்டல வரிசையை நிறுவினார். அவருடைய அறிக்கைகளை அத்துறையின் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். டூரோனியன் நிலையின் அடித்தளத்துக்கான உலக அளவுகோலாகிய இடம் கொலராடோவின் பியூப்ளோவில் இருப்பதும், வாட்டினோசெரஸ் டெவொனென்ஸ் என்னும் அம்மோனைட்டின் முதல் தோற்றத்தைக் கொண்டே அது வரையறுக்கப்பட்டிருப்பதும் இப்பின்னணியில்தான்.

தென்னிந்தியக் காவிரிப் படுகைக்கு எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் எழுதியதும், ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா 1863 முதல் 1866 வரை பகுதி பகுதியாக வெளியிட்டதும், ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை ஜெர்மன் மொழியில் எழுதியதும் மூன்று தூண்கள். இவை அப்பகுதியை ஆராய்வோருக்கு மட்டும் உரியவை அல்ல. அங்கு முதன்முதலாக விவரிக்கப்பட்ட இனங்கள் பல மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஜப்பானிலும் கிடைப்பதால், அந்நாடுகளின் அம்மோனைட்டை ஆராய்பவரும் ஸ்டொலிச்காவின் படத்தட்டுகளைப் புரட்டாமல் தப்ப முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் பெரும்பாலானவற்றைப் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்னும் இணைய நூலகத்திலும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்திலும் முழுமையாகப் படிக்கலாம். படத்தட்டுகளை உயர் தெளிவில் பதிவிறக்குவது நல்லது. கல்லச்சுப் படங்களில் ஓவியர் உடைந்த பகுதியை நிரப்பி வரைந்திருப்பதும் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய நூலில் உள்ள பெயரும் புதிய கட்டுரையில் உள்ள பெயரும் பொருந்தவில்லையே?

பொருந்தாதுதான். முற்காலத்தில் ஏறக்குறைய எல்லாச் சுருள்களையும் 'அம்மோனைட்டிஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்தனர். சவர்பி 1817-இல் 'அம்மோனைட்டிஸ் வேரியன்ஸ்' என்று பெயரிட்டது இன்று 'ஷ்லோன்பாக்கியா வேரியன்ஸ்'. இனப்பெயர் நிலைத்திருக்கும், பேரினப்பெயர் மாறும். அப்படி மாறியிருந்தால் முதல் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் அச்சாகும். மாறாவிட்டால் அடைப்புக்குறி இராது. இந்தச் சிறு குறியைக் கவனிப்பவர் பழைய நூலில் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று உடனே அறிந்துகொள்வார். ஆகவே தேடும்போது பேரினப்பெயரை விட்டுவிட்டு, இனப்பெயரோடு ஆசிரியர் பெயரைச் சேர்த்துத் தேட வேண்டும்.

ஊர்ப்பெயர்களும் இப்படியே குழப்பும். ஊட்டத்தூர் அந்நாளைய நூல்களில் 'ஊட்டாட்டூர்' என்றும், அரியலூர் 'அர்ரியாலூர்' என்றும் ஒலிக்கும்படி எழுதப்பட்டுள்ளன. ஸ்டொலிச்கா சூட்டிய 'அர்ரியாலூரென்சிஸ்' என்னும் இனப்பெயரில் அந்த எழுத்துக்கூட்டு இன்றும் அப்படியே நிற்கிறது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, ஊரின் பெயரை இப்போது வேறுவிதமாக எழுதுகிறோம் என்பதற்காக அதைத் திருத்த முடியாது. பழைய நூலின் காலத்தை ஒட்டிய வரைபடம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது எந்த நாட்டின் நூலுக்கும் பொருந்தும் உத்தி.

கட்டுரைகளில் இனப்பெயருக்குக் கீழே வரும் நீண்ட பட்டியலை எப்படிப் படிப்பது?

அது ஒத்த பெயர்ப் பட்டியல். புதியவர்கள் தாவிச் செல்வதும், தேர்ந்தவர்கள் முதலில் படிப்பதும் அதைத்தான். ஓர் இனத்தை இதுவரை யார் யார், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில், எந்தப் படத்தில், எந்தப் பெயரில் காட்டினார்கள் என்பது ஆண்டு வரிசையில் அங்கே இருக்கும். அதாவது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட நூல்தேடலை வேறொருவர் முன்பே செய்து வைத்திருக்கிறார்.

வரிகளின் தொடக்கத்திலுள்ள குறிகளுக்குப் பொருள் உண்டு. 'வி' என்னும் இலத்தீன் எழுத்து இருந்தால், கட்டுரையாளர் அந்தப் படிவத்தை நேரில் பார்த்திருக்கிறார் என்று பொருள். கேள்விக்குறி ஐயத்தைக் காட்டும். 'நான்' என்னும் இலத்தீன் சொல், முன்னவர் அப்பெயரிட்டது தவறு என்ற மறுப்பு. 'பார்ஸ்' என்று இருந்தால், முன்னவர் காட்டிய படிவங்களில் ஒரு பகுதி மட்டுமே இவ்வினத்தைச் சேர்ந்தது. ஒரே பட்டியலில் 'வி' குறி நிறைய இருந்தால், அக்கட்டுரையாளர் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்று மூல மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் என்று கொள்ளலாம். கடிதம் எழுத வேண்டியவர்களின் பட்டியலில் அவரை மேலே வைக்க வேண்டும்.

கட்டணம் கேட்கும் கட்டுரைகளை எப்படிப் பெறுவது?

ஆசிரியருக்கு எழுதிக் கேட்பதே எளிய வழி. தம் கட்டுரையைப் படிக்க ஒருவர் விரும்புகிறார் என்பதில் மகிழாத ஆய்வாளர் குறைவு. 'ஆக்டா பேலியன்டாலஜிகா போலோனிகா' போன்ற இதழ்களும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளியீடுகளும் கட்டணமின்றியே கிடைக்கின்றன. 'கிரெட்டேசியஸ் ரிசர்ச்' இதழ் பெரும்பாலும் கட்டணத்துக்கு உட்பட்டது, ஆனால் சுருக்கங்களையும் மேற்கோள் பட்டியலையும் பலவேளை திறந்தே பார்க்கலாம்.

இணையத் தரவுத்தளங்களை நம்பலாமா?

தடயம் காட்டுபவையாக நம்பலாம், சான்றாகக் கூடாது. 'பேலியோபயாலஜி டேட்டாபேஸ்' ஒவ்வொரு பதிவையும் அது வெளிவந்த கட்டுரையோடு இணைத்துக் காட்டுகிறது. அக்கட்டுரையைத் தேடி எடுப்பதே அதன் உண்மையான பயன். பதிவிலுள்ள பெயர் கட்டுரை வெளிவந்த காலத்துப் பெயராக இருக்கலாம். அருங்காட்சியகச் சேகரிப்புப் பதிவுகளைத் திரட்டித் தரும் தளங்களில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சீட்டே திருத்தமின்றி ஏறியிருப்பதும் உண்டு.

வல்லுநர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

தங்கள் நிலையையும் பகுதியையும் சேர்ந்த, அண்மைப் பத்தாண்டுகளில் வெளிவந்த மூன்று நான்கு கட்டுரைகளை எடுத்து, முதலில் நன்றியுரையைப் படியுங்கள். 'அம்மோனைட்டுகளை இனங்கண்டு உதவியவர்', 'படிவங்களைப் பார்வையிட அனுமதித்த காப்பாட்சியர்' என்று அங்கே வரும் பெயர்கள், ஆசிரியர் பட்டியலில் வராதவை. ஆனால் துறையினர் தமக்குள் யாரைக் கேட்கிறார்கள் என்பதை அவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. இரண்டு கட்டுரைகளின் நன்றியுரையில் ஒரே பெயர் வந்தால் தேடல் ஏறக்குறைய முடிந்தது.

அடுத்து, குழுக்கள். பன்னாட்டு அடுக்கியல் ஆணையத்தின் கீழ்க் கிரெட்டேசியஸுக்கென்று ஒரு துணை ஆணையம் இயங்குகிறது. கீழ் கிரெட்டேசியஸ் அம்மோனைட்டுகளுக்கு மட்டும் கிலியான் குழு என்னும் பணிக்குழு உண்டு. மத்தியதரைக் கடற்பகுதிக்கான மண்டல வரிசையை அது அவ்வப்போது திருத்தி அறிக்கையாக வெளியிடுகிறது. அவ்வறிக்கையின் ஆசிரியர் பட்டியலே, எந்த நிலைக்கு யார் என்ற கையேடு போல உதவும். அம்மோனைட்டுகள் அடங்கும் உயிர்த்தொகுதியாகிய தலைக்காலிகளுக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. அதன் சுருக்கத் தொகுப்புகளில், இன்னும் கட்டுரையாகாத ஆய்வை யார் செய்து கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அருங்காட்சியகக் காப்பாட்சியர்களை மறக்கக் கூடாது. அவர்கள் அம்மோனைட் வல்லுநர்களாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த மாதிரி எந்த இழுப்பறையில் எந்த எண்ணில் இருக்கிறது, கடைசியாக அதை யார் வந்து பார்த்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பேராசிரியர்களும் அப்படியே. பணியிலிருப்பவருக்கு இல்லாத நேரம் அவர்களிடம் உண்டு. படிவம் சேகரிப்போர் சங்கங்களில், ஒரே ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தை முப்பது ஆண்டுகள் அடுக்கடுக்காகப் பார்த்து வந்தவர்கள் இருப்பார்கள். அந்த ஒரு சுரங்கத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு நிகரில்லை.

வல்லுநருக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

'இது என்ன?' என்ற ஒற்றை வரியும் மங்கலான ஒரு படமும் அனுப்பினால் மறுமொழி வருவது அரிது. அதில் தவறொன்றும் இல்லை. விடை சொல்ல அவருக்கு எதுவும் தரப்படவில்லை.

இடத்தை ஆயத்தொலைவுகளோடு எழுதுங்கள். பாறை எத்தகையது, படிவம் அடுக்கிலேயே பதிந்திருந்ததா அல்லது சரிவில் உதிர்ந்து கிடந்ததா, அடுக்கின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், உடன் வேறு என்ன கிடைத்தது என்பவற்றைச் சொல்லுங்கள். உதிர்ந்து கிடந்ததை அடுக்கிலிருந்து எடுத்ததாக எழுதுவது பிறகு பெரும் பிழைகளுக்கு இடமளிக்கும். விட்டம், கடைசிச் சுற்றின் உயரம், அதன் தடிப்பு, நடுவிலுள்ள கொப்பூழின் அகலம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து தர வேண்டும்.

படங்களில் குறைந்தது மூன்று கோணங்கள் தேவை: பக்கவாட்டுத் தோற்றம், வெளிவிளிம்பு நேராகத் தெரியும் தோற்றம், சுற்றின் குறுக்குவெட்டு தெரியும் வாய்ப்புறத் தோற்றம். பலர் முதலாவதை மட்டும் அனுப்புகின்றனர். வெளிவிளிம்பில் முகடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, முண்டுகள் எத்தனை வரிசை என்பதே பல பேரினங்களைப் பிரிக்கும் அடையாளம் என்பதால், இரண்டாவது படம் இல்லாமல் முதலாவது பயன்படுவதில்லை. ஒளி மேல் இடப்புறத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். அளவுகோல் படத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்படுத்தியோ மெழுகு பூசியோ எடுத்த படத்தில் பளபளப்புதான் தெரியும், வரிகள் மறையும். ஆய்வகங்களில் அம்மோனியம் குளோரைடு ஆவியைப் படியவைத்து வெண்மையாக்கிப் படமெடுப்பது இதனால்தான். அதை வீட்டில் முயல வேண்டாம், அந்த ஆவி மூச்சுக்குக் கேடு.

உள் அறைச்சுவர்கள் வெளி ஓட்டோடு சேரும் இடத்தில் இலைநுனி போல நெளிந்தோடும் தையல்கோடு தெரிந்தால் அதற்கென்று தனியாக ஓர் அண்மைப்படம் எடுங்கள். கடைசியாக, தாங்கள் எந்த நூலில் எந்தப் படத்தைப் பார்த்து எந்தப் பெயராக இருக்கலாம் என்று எண்ணினீர்கள், எங்கே ஐயம் எழுந்தது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். ஊகம் தவறாக இருந்தாலும் கேடில்லை. 'இது மான்டெலிசெரஸா அல்லது காலிகோசெரஸா' என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை எழுதிவிடலாம். 'இது என்ன' என்பதற்கு அரைநாள் வேண்டும்.

படத்தை மட்டும் பார்த்து உறுதியாகப் பெயர் சொல்ல முடியாதா?

பேரினம் வரை பலவேளை முடியும். இனம் வரை செல்வதில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, ஓர் இனத்துக்குள்ளேயே காணும் வேறுபாடு. 1960-இல் ரீசைடும் கோபனும் நியோகாஸ்ட்ரோப்ளைட்டிஸ் அம்மோனைட்டுகளைப் பெருந்தொகையாக ஒருசேரப் பரப்பிப் பார்த்தபோது, மெலிந்து வழவழப்பானது முதல் தடித்து முள் நிறைந்தது வரை எல்லாம் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இரு முனைகளை மட்டும் கண்டவர் அவற்றை வெவ்வேறு பேரினம் என்றே சொல்லியிருப்பார். மற்றொன்று, பாலின வேறுபாடு. ஸ்காஃபைட்டிஸ் போன்றவற்றில் ஒரே இனத்துக்குப் பெரிய பருத்த ஓடும் சிறிய மெலிந்த ஓடும் உண்டு. எனவே ஒற்றைப் படிவத்தைவிட, ஒரே அடுக்கில் கிடைத்த இருபது உடைந்த துண்டுகள் வல்லுநருக்கு மிகுதியாகச் சொல்லும்.

அதனால்தான் மறுமொழியில் பெயருக்கு நடுவே 'சிஎஃப்' அல்லது 'அஃப்' என்ற சுருக்கங்கள் வரும். முன்னது 'இதனோடு ஒப்பிடத்தக்கது, உறுதியில்லை' என்பது. பின்னது 'இதற்கு உறவுடையது, ஆனால் இதுவே அன்று' என்பது. பெயரை எடுத்து எழுதும்போது அச்சுருக்கங்களை நீக்கிவிடுவது, வல்லுநர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்டுவதாகும். ஒளிப்படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் எவ்வளவு தயக்கமின்றிப் பெயர் சொன்னாலும், அடுக்கை அறியாமல் சொல்பவை என்பதால் அவற்றின் விடையைத் தேடலுக்கான சொல்லாக மட்டும் கொள்ளலாம்.

மறுமொழி வராவிட்டால்?

ஒரு மாதம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். களப்பணிக் காலங்களில் ஆய்வாளர்கள் வாரக்கணக்கில் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது வேண்டாம். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள்.

புதிய இனமாக இருக்கலாம் என்று வல்லுநர் சொன்னால் படிவத்தை என்ன செய்வது?

அது சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதே முதற்கேள்வி. பிரேசிலில் 1942 முதல் படிவங்கள் அரசின் உடைமை. தென்னாப்பிரிக்காவில் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டரசின் பொது நிலங்கள் பலவற்றில் பொதுவாகக் கிடைக்கும் முதுகெலும்பற்ற உயிர்ப் படிவங்களைச் சொந்தப் பயனுக்கு அளவோடு எடுக்கலாம், விற்கக் கூடாது. அனுமதித்தாளின் படியை வல்லுநருக்கு முன்கூட்டியே அனுப்புவது நல்லது. அது இல்லாத படிவத்தை விவரிக்க ஆய்விதழ்கள் மறுக்கும்.

அடுத்து, படிவம் பொதுச் சேகரிப்பு ஒன்றில் பதிவெண்ணோடு சேர்க்கப்பட வேண்டும். தனியார் வீட்டிலிருக்கும் மாதிரியைக் கொண்டு புதிய இனத்தை நிறுவ ஆய்விதழ்கள் பொதுவாக இசைவதில்லை. பின்வருபவர் யாரும் அதைக் கையில் எடுத்துச் சரிபார்க்க வழியில்லாமல் போகும் என்பதே காரணம். கொடுக்கும்போது கண்டெடுத்த நாளில் எழுதிய களக்குறிப்பேட்டின் படியையும் முதல் ஒளிப்படங்களையும் சேர்த்தே கொடுங்கள். சீட்டில் கண்டெடுத்தவர் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பதும் முறையானதே. கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஒப்படைக்கும் முன் வார்ப்பு ஒன்று எடுத்துத் தரும்படி காப்பாட்சியரிடம் கேட்கலாம்.